உப்பு வேர்த்த கட்டில்

எங்கள் வீட்டில் மத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பருப்பு கடைய ஒன்று, கீரை கடைய ஒன்று, வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்க ஒன்று என்று மூன்று இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். எங்களிடம் பதினொன்று இருந்தன. கேட்டவர், கேளாதவர், வழி தவறி வந்தவர் எல்லாருக்கும் உம்மா ஆளுக்கொன்று கொடுத்தனுப்பிய பிறகும் பதினொன்று. எல்லாம் என் வாப்பா கடைந்தவை.

வாப்பாவின் பெயர் வாவு ஹபீப். காயல்பட்டினத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருபத்தைந்து வருஷம் கஜக்கோல் பிடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் விசா முடிந்து ஊருக்குத் திரும்பியவர். அதன் பிறகு தூத்துக்குடியில் ஒரு தோணி ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் பஸ்ஸில் போவார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளில் என்னென்ன ஏறுகிறது என்று பட்டியல் எழுதுவார்: வெங்காயம், கருவாடு, கருப்பட்டி, ஓடு. சாயங்காலம் பஸ்ஸில் வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டு இறங்க மறந்து, வீரபாண்டியன்பட்டினம் வரை போய்விட்டு, அங்கிருந்து நடந்தே திரும்பி வந்ததும் உண்டு. கேட்டால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பார். அந்தப் பாதையில் பாதி தூரம் கடல் கண்ணுக்கே தெரியாது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்களிடம் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்களுக்கு. உம்மாவின் வீடு மகளுக்கு, அவள் வீடு அவள் மகளுக்கு. இதில் பெண்களுக்கு உள்ள தெம்பு வேறு எந்த ஊரிலும் கிடைக்காது என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் ஆண்களைப் பற்றி நான் யோசித்ததில்லை. வாப்பா பிறந்த வீடு அவருடைய அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, போயிற்று. கொழும்பில் கடை மாடியில் ஒரு பாய். ஊருக்கு வந்தால் உம்மாவின் வீடு. ஐம்பது வயது வரைக்கும் தன் சட்டையை மாட்ட ஒரு சுவரில் அவர் தன் இஷ்டத்துக்கு ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டில் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். குடிக்கத் தண்ணீர் கேட்பதைக்கூட மெதுவாகக் கேட்பார்.

எழுபத்து மூன்றில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் நடக்கப் போனவர், சிவனணைந்தபெருமாள் என்பவரின் கடைசல் பட்டறை வாசலில் நின்றுவிட்டார். தோணியில் பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஓடுவதற்குக் கப்பி வேண்டும். அந்தக் கப்பிக்குள் சுற்றும் மரச்சக்கரங்களை அந்தப் பட்டறையில் கடைந்துகொண்டிருந்தார்கள். மரம் சுற்றுகிறது, உளி தொடுகிறது, சுருள் சுருளாக மரம் கழன்று மடியில் விழுகிறது. வாப்பா ஆபீசுக்குத் திரும்ப அரை மணி தாமதம். மறுநாளும் அதேதான். ஒரு மாதம் இப்படி நின்று பார்த்திருக்கிறார். சிவனணைந்தபெருமாள் வாப்பாவைவிடப் பத்து வயது இளையவர், அளந்து பேசுகிறவர். அவரே பொறுக்க மாட்டாமல் என்ன வேண்டும் என்று கேட்டாராம். வீட்டில் வைத்து இதைச் செய்ய முடியுமா என்று வாப்பா கேட்டிருக்கிறார்.

“எதுக்கு பாய்? தோணி கட்டப் போறீயளா?”

“இல்ல. சும்மாதான்.”

சும்மா ஒரு வேலையைச் செய்வது என்பது எங்கள் உம்மாவுக்குப் புரியாத சங்கதி. உம்மா சக்கீனாவின் கைகள் தூங்கும்போதுதான் ஓயும். அதனால் வாப்பா விஷயத்தைச் சொல்லவே இல்லை. வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் இருந்தது. உப்புக் காற்றில் அதன் தலை துருப்பிடித்து இறுகிப்போய், கால் மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கால் எனக்கு வேண்டும் என்று கேட்டார். மேஜை செய்யப் போகிறார் என்று நினைத்து உம்மா கொடுத்துவிட்டாள். பின்கட்டில் வெங்காயமும் கருப்பட்டிப் பானையும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதன் ஜன்னலோரம் அந்தக் கால் போய் நின்றது. பெடல் சக்கரம் லேசாக இருக்கிறது என்று பழைய இரும்புக் கடையிலிருந்து கனமான சக்கரம் ஒன்று வந்தது. உடைத்த தோணியின் பலகை ஒன்று வந்தது. அதன் இரண்டு முனையிலும் மரத்தைக் கவ்விப் பிடிக்க இரண்டு இரும்புக் கூர். சக்கரத்தோடு சேர்த்து மரத்தைச் சுழற்ற ஒரு தோல்வார். பழைய அரங்களைத் தீட்டி மூன்று உளி. மேஜை வரும் வரும் என்று உம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கதவருகே நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது, எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். கால் மிதித்தால் கை நின்றுவிடுகிறது. கை நகர்ந்தால் கால் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரு வழியாகச் சேர்ந்தபோது உளி மரத்தில் கடித்துக்கொண்டது. பூவரசங் கட்டை துள்ளிப் பறந்து, உம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் விழுந்து, ஜாடி இரண்டாகப் போயிற்று. உம்மா ஓடி வந்தாள். மேஜை எங்கே என்று கேட்டாள். வாப்பா உடைந்த ஜாடியைப் பார்க்கவில்லை. கட்டையை எடுத்து, உளி கடித்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் கட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார். சிவனணைந்தபெருமாள் நான்கே விஷயம் சொன்னாராம். சதுரக் கட்டையை அப்படியே மாட்டாதே, மூலையைச் செதுக்கி எட்டுப் பட்டை ஆக்கிக்கொள். உளி சாய்கிற தாங்குகட்டையை மரத்துக்கு நெருக்கி வை. உளியைத் தீட்டு. மறுபடியும் தீட்டு. மரம் அலறினால் உளி மொட்டை என்று அர்த்தம், உளி கூர்மையாக இருந்தால் மரம் பேசாது. வாப்பா இதைத் தோணிப் பட்டியல் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து ஜன்னலில் ஒட்டினார்.

மூன்று மாதத்தில் மரம் பேசாமல் ஆனது.

அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வரும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். வறண்ட மேல்காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் அது சுருள்களைத் தரையில் இங்கும் அங்கும் உருட்டிக்கொண்டே இருக்கும். பெடலின் தட்டும் சத்தம், வார் ஓடும் சத்தம், அதற்குக் கீழே வாப்பா தனக்குள் முனகும் ஏதோ ஒரு பைத்துப் பாட்டு. தேநீர் கொண்டு போனால் கொடுத்துவிட்டு வரத் தோன்றாது. நானும் கருப்பட்டிப் பானையில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். வெயில் மெல்ல மெல்லச் சுவரில் ஏறும். எவ்வளவு நேரம் போனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருநாள் எட்டுப் பட்டைக் கட்டையை மாட்டிச் சுற்றவிட்டு, உளியைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இங்கன வந்து பாரு. ஓரத்துல புகை மாதிரி ஒண்ணு சுத்துது. உள்ள கெட்டியா ஒண்ணு நிக்குது. நிக்கது அசையவே இல்ல பாத்தியா. அந்தப் புகைய மட்டும் எடுத்துட்டா போதும்.”

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. சுற்றுகிற மரத்தின் மூலைகள் மங்கலாகத் தெரிய, நடுவில் ஓர் உருளை சலனமே இல்லாமல் இருந்தது. வாப்பா உளியை வைத்தார், புகை சுருளாக இறங்கியது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நான் சோற்றை விரலால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இப்படித்தான் மத்துகள் பிறந்தன. மத்துக்குப் பிறகு பூரிக்கட்டை, அதற்குப் பிறகு மூடி போட்ட ஏலக்காய்ச் செப்பு. ஒரு தடவை ஒரு முட்டை. மரமுட்டை எதற்கு என்று உம்மா கேட்டதற்கு, முட்டை வடிவம் வருகிறதா என்று பார்த்தேன் என்று பதில். கோழிக்கு வந்தால் போதாதா என்று உம்மா முணுமுணுத்தாள். ஆனால் அந்த முட்டை அவள் தலைமாட்டுப் பெட்டிக்குள் இருந்ததை நான் பின்னால் கண்டுபிடித்தேன்.

அந்த அறைச் சுவரில் வாப்பா ஓர் ஆணி அடித்து, சட்டையை மாட்டினார். நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

எழுபத்தைந்தின் கடைசியில் எனக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை பெயர் நூகு. துபாயில் வேலை. அடுத்த வருஷம் பெருநாள் முடிந்து ஷவ்வால் மாதம் லீவில் வருவார், அப்போது நிக்காஹ். வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார் என்றால் அவருக்கும் எனக்கும் ஓர் அறை வேண்டும். முன்கட்டில் உம்மாவின் அறை. நடுவில் கூடம். மிச்சம் இருந்தது அந்தப் பின்கட்டு அறைதான்.

நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறையை நானும் கேட்டேன். உம்மா முதலில் சொன்னாள், உண்மை. ஆனால் சுவருக்கு நீல வெள்ளை அடிக்கலாமா, ரோஜாப்பூ வெள்ளை அடிக்கலாமா என்று அன்றைக்கே கேட்டவள் நான். வாப்பா அப்போது மாதுளை மரத்தடியில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் உம்மாவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். மகள் ஜமீலாவின் கட்டிலுக்கு நான்கு கால்களையும் நானே கடைந்து தருகிறேன், அதுவரைக்கும் கடைசல் மிஷின் அறையில் இருக்கட்டும் என்றார். கடைசல் கால் வைத்த கட்டில் வாங்குவதென்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். உம்மா யோசித்தாள். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள். வந்து பார்க்கிறவர்கள் குறை சொல்லாதபடி கட்டில் அமைந்தால், முற்றத்தில் கொட்டகை போட்டு மிஷினை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட வேண்டியது, வீட்டில் இனி அதற்கு இடம் கிடையாது. வாப்பா சரி என்றார். எதற்கும் சரி என்பவர்தான். ஆனால் இந்தச் சரியைச் சொல்லிவிட்டு, போய் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளை மறுபடி ஒரு தடவை படித்தார்.

வாப்பாவுக்கு ஒரே பயம் வெடிப்பு. பச்சைப் பூவரசில் கடைந்த செப்புகள் கச்சான் காற்றில் காய்ந்து, பட்டென்று வாய் பிளந்ததை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கட்டில் கால் வெடித்தால் மானம் கப்பலேறும். சிவனணைந்தபெருமாளிடம் போய், மரம் வெடிக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டார். அவர் நல்ல வாகை மரம் ஒன்றைப் பார்த்துக் கொடுத்து, வழியும் சொன்னார்.

“கழியில போட்டு ஊற வைங்க பாய். உப்புத் தண்ணி குடிச்ச மரம் வெடிக்காது. நாங்க தோணிக்கு அப்படித்தான் செய்யுதோம்.”

வாப்பா கேட்டது கட்டிலுக்கு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாழ்நாளில் கடைந்த மரமெல்லாம் கடலுக்குப் போனது. திரும்பிக் கரையேறி ஒரு வீட்டுக்குள் வந்து நின்றதே இல்லை. வாப்பாவும் இருபத்தைந்து வருஷம் தோணியில் போய் வந்தவர், தோணிக்கு நல்லது எல்லாவற்றுக்கும் நல்லது என்றே நினைத்தார். ஐந்து துண்டு வாகை நாலு மாதம் உப்பங்கழிச் சேற்றில் கிடந்தது. கோடையில் எடுத்து நிழலில் காய வைத்தார்கள். கச்சான் காற்று அடித்தது. ஒரு கீறல் விழவில்லை.

நான்கு காலும் ஒன்றுபோல வருவது எவ்வளவு கஷ்டம் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மேலே ஒரு குமிழ், கீழே ஒரு கழுத்து, பிறகு செம்பு மாதிரி ஒரு வயிறு, அதன் கீழே மூன்று வளையம், பாதம். முதல் காலுக்குத் தகரத்தில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டார். இரண்டாவது காலின் வயிறு கொஞ்சம் பருத்துவிட்டது, அதைத் தள்ளிவைத்தார். ஒவ்வொரு காலுக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை. கடைந்து முடித்ததும் சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார். சூட்டில் அரக்கு உருகிச் சிவப்பும் மஞ்சளுமாகப் படியும். அதன் மேல் காய்ந்த தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் பளபளப்பு ஏறும். தாழை வாசமும் அரக்கு வாசமும் சேர்ந்து அந்த அறை முழுக்க நிறையும். எனக்கு நடக்கப்போகிற கல்யாணமே அந்த வாசத்துக்குள்தான் இருப்பதாகத் தோன்றும். நூகு எப்படி இருப்பார் என்று நினைத்தால் முகம் வராது, ஒரு சிவப்பு நிறம்தான் சுற்றும்.

நான்காவது கால் முடிந்த அன்று வாப்பா எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்தார்.

“நீ பொறந்தப்ப நான் கொழும்புல. ஒனக்குத் தொட்டில் வாங்கினது யாருன்னுகூட எனக்குத் தெரியாது. இது ஒண்ணாவது என் கையால இருக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அறையை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ரம்ஜான் தலைப்பிறைக்கு முன்னால் மிஷின் முற்றத்துக்குப் போனது. அதன் மேல் சாக்கு போட்டு மூடினார்கள். அறைக்கு ரோஜாப்பூ வெள்ளை அடித்தாயிற்று. வாப்பா அடித்த ஆணியைப் பிடுங்கிய ஓட்டையில் கொத்தனார் சுண்ணாம்பு வைத்து மெழுகினார். தச்சர் வந்து கட்டிலைப் பூட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் திருநெல்வேலிக் கட்டிலா என்று கேட்டார்கள். உம்மா ஒவ்வொரு தடவையும் இல்லை, இவர் கடைந்தது என்று சொல்லிவிட்டு, கொட்டகை எந்த மூலையில் வரலாம் என்று முற்றத்தைப் பார்ப்பாள்.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்தது. ஐப்பசி மழை, மூச்சு விடாமல் ஒரு ராத்திரி முழுக்க. மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அறை பார்க்க வந்தார்கள். நான் புதுப்புடவையில் கதவோரம் நின்றேன். மெத்தை விரிப்பைத் தடவினார்கள், அலமாரியைத் திறந்து மூடினார்கள். நூகுவின் உம்மா கட்டில் காலைப் பாராட்டக் குனிந்து கையை வைத்தவள், சட்டென்று எடுத்து விரலைப் பார்த்தாள். விரல் ஈரம். நான் அப்போதுதான் பார்த்தேன். நான்கு கால்களும் குப்பென்று வேர்த்திருந்தன. அரக்கு அங்கங்கே கொப்புளம் விட்டு, வளையங்களின் இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மாமி அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு” என்றாள்.

ஒருத்தி சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். கட்டிலை உப்பளத்தில் செய்தீர்களா, கருவாடு காயப்போடலாம் போலிருக்கிறதே என்றெல்லாம் கேலி. உம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் முகம் சுண்டிப்போனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கூடத்தில் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்த வாப்பாவுக்கு எல்லாம் கேட்டது. அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை.

வேறு கால் கடைந்து மாற்ற நேரமில்லை. உம்மா பச்சை சாட்டின் துணியை எடுத்து நான்கு உறை தைத்தாள். தையல் மிஷினின் கால்தான் சாக்குக்கு அடியில் கிடக்கிறதே, அதனால் கையால் தைத்தாள். ஊசி குத்தும்போதெல்லாம் மிஷினைத் திட்டினாள். விடிந்து பார்த்தால் கட்டில் கால்சராய் போட்டுக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் வருவான் என்று உம்மா வாப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சரி என்றார். சாக்கை விலக்கி, மிஷினின் தோல்வாரைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. மகள் நானும் கேட்கவில்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மூன்றாம் நாள் காலையில் நூகு கட்டிலில் உட்கார்ந்து ஓர் உறையை உருவிக் கையில் வைத்திருந்தார். கால் ஏன் பச்சைச் சட்டை போட்டிருக்கிறது என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன், மரம் கழியில் குடித்த உப்பு மழை ஈரத்தை இழுத்துக்கொண்டதிலிருந்து உம்மாவின் தீர்ப்பு வரைக்கும். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஈரக் காலைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்.

“இந்த அறையிலதான வேலை செஞ்சாங்க. இப்ப மாமா எங்க உக்காருதாங்க?”

ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். வாப்பா கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார். பழைய மாதிரி. இருபது வருஷம் மகளாக இருந்த எனக்குத் தெரியாதது, மூன்று நாளைக்கு முன்னால் வந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வந்ததன் பெயர் வெட்கம்.

புது மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் மாமியார் வீட்டில் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கம் கிடையாது. அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அதனால் மாமியாரே கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகள் மூலமாகக் கேட்பாள். வியாழக்கிழமை மத்தியானம் உம்மா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். நாளைக்கு என்ன செய்யட்டும், ஆட்டுக்கால் பாயாவா, நெய்ச்சோறா, வட்டிலப்பம் வைக்கட்டுமா, கேட்டுச் சொல் என்றாள். நான் கேட்பதற்குள் நூகு திரைக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்.

“சாப்பாடு எதுனாலும் சரி மாமி. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். முத்தத்துல அந்த மிஷினுக்கு ஒரு கொட்டகை. நானும் நாளைக்கு இந்த வீட்டுலதான வயசாகி உக்காரணும்.”

திரை அசையவில்லை. உம்மா போய்விட்டாளோ என்று நான் நினைத்தபோது அவள் குரல் வந்தது.

“ஏளா, ஜமீலா. கொட்டகைக்கு ஓலையா ஓடான்னு கேளு.”

வெள்ளிக்கிழமை வந்த இரும்புக்காரனுக்குத் தையல் மிஷினின் துருப்பிடித்த தலை மட்டும் கிடைத்தது. கூடவே உம்மா ஒரு மத்தும் கொடுத்தாள். அடுத்த வாரம் முற்றத்தில் நான்கு கம்பம் நட்டு ஓலை வேய்ந்தார்கள். வாப்பா சட்டைப் பையிலிருந்து தோல்வாரை எடுத்து மாட்டினார், பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துக் கம்பத்தில் ஓர் ஆணி அடித்துத் தன் சட்டையைத் தொங்கவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. பக்கத்திலேயே இன்னொரு ஆணியும் அடித்தார். யாருக்கு என்று நான் கேட்டபோது உளி தீட்டப் போய்விட்டார்.

நூகு அந்த மாதக் கடைசியில் துபாய்க்குக் கப்பலேறினார். ஐப்பசி வந்தால் கட்டில் கால்கள் இன்றும் வேர்க்கும், நான் துணியால் துடைப்பேன். பச்சை உறைகளைக் கொட்டகை போட்ட அன்றைக்கே எடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் அந்த இரண்டாவது ஆணி வெறுமனே இருந்தது. உம்மா கரித்துணி மாட்டப் போனபோதுகூட வாப்பா விடவில்லை. எழுபத்தெட்டில் லீவில் வந்த அன்று நூகு பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போனார். சட்டையைக் கழற்றினார், கம்பத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அந்த ஆணியில் மாட்டினார்.